465 ரூபாய் 70 பைசா

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய மார்ச் மாத வங்கி ஸ்டேட்மென்டும் குனுகேஷ் கணக்கு மென்பொருள் திரையின் படங்களும் கிடைத்தன. “எவ்வளவோ பார்த்துட்டேன் மாமா, 465 ரூபாய் 70 பைசா உதைக்குது. அந்தத் தொகைக்கு ஒரு எண்ட்ரி போட்டு முடிச்சிடவா?” என்று கேட்டிருக்கிறாய். போடாதே. ஏன் கூடாது, வேறு என்ன செய்யலாம் என்பதைப் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். இதே தலைவலி அடுத்த மாதமும் வரக்கூடியது. எழுத்தில் இருந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

முதலில் அந்தத் தொகையையே பார். உன் ஸ்டேட்மென்டில் 465.70 என்று ஒரு வரியும் கிடையாது. உன் பதிவுகளிலும் கிடையாது. நீ யாருக்கும் அப்படி ஒரு தொகை கொடுக்கவில்லை, யாரிடமும் வாங்கவுமில்லை. அப்படியானால் அது ஒரு தனிப் பிழையின் அளவு அல்ல. பல பிழைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் நின்ற மிச்சம். வித்தியாசம் சின்னது, அதனால் தப்பும் சின்னது என்று நினைத்துவிடாதே. செலவில் 5,000 விட்டுப்போய் அதே செலவில் வேறொரு 5,020 கூடுதலாக விழுந்திருந்தாலும் திரையில் தெரிவது 20 ரூபாய்தான். சரிபார்க்கும் ஜன்னலில் ‘பேலன்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வித்தியாசத்துக்கு ஈடாக ஒரு பதிவைத் திறந்து கொடுக்கும். வித்தியாசம் சைபர் ஆகும். உள்ளே இருக்கும் பிழைகள் எல்லாம் அப்படியே இருக்கும், கூட இன்னொரு பொய்ப் பதிவும் சேரும்.

குனுகேஷ் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. பதிவேட்டில் ‘ஆர்’ என்று தலைப்பிட்ட ஒரு குறுகிய பத்தி இருக்கிறதல்லவா? அதில் ‘என்’ என்றிருந்தால் இன்னும் சரிபார்க்கவில்லை. ‘சி’ என்றால் வங்கியில் கடந்துவிட்டதாக நீயே குறித்து வைத்திருக்கிறாய். ‘ஒய்’ என்றால் ஒரு ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டு முடித்தாயிற்று. ஒவ்வொரு மாதமும் சரிபார்க்கும் ஜன்னலைத் திறக்கும்போது மேலே காட்டும் தொடக்க இருப்பு, போன மாதம் நீ தட்டச்சு செய்த எண் அல்ல. அந்த நிமிடத்தில் ‘ஒய்’ போட்டிருக்கும் பதிவுகள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அது புதிதாகச் சொல்லும் எண். பழைய மாதத்துப் பதிவு ஒன்றை இன்று நீ அழித்தால் இன்றே தொடக்க இருப்பு மாறிவிடும்.

கையால் எழுதிய பேரேட்டில் பழைய பக்கத்தைத் திருத்தினால் அடித்தல் திருத்தலாகக் கண்ணில் படும். மென்பொருளில் பக்கம் சுத்தமாகவே இருக்கும். அதனால்தான் முதல் கேள்வி எப்போதும் இதுவாக இருக்க வேண்டும்: தொடக்க இருப்பும் போன ஸ்டேட்மென்டின் கடைசி இருப்பும் ஒன்றா?

உன் படத்தைப் பார். பிப்ரவரி ஸ்டேட்மென்டின் கடைசி வரி 41,205.60. குனுகேஷ் காட்டும் தொடக்கம் 41,885.60. சரியாக 680 ரூபாய் கூடுதல். மார்ச்சில் ஒரு வரிக்குக்கூட டிக் அடிப்பதற்கு முன்பே கணக்கு உதைத்துவிட்டது. நீயோ மார்ச் மாத வரிகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிழை அங்கே இல்லாதபோது எத்தனை முறை பார்த்து என்ன?

680 எங்கே போயிற்று? பிப்ரவரி முழுவதையும் கையால் பதிந்து சரிபார்த்து முடித்தாய். பிறகு, இறக்குமதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அதே பிப்ரவரியைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கினாய். பல வரிகள் இரண்டிரண்டாக வந்து நின்றன. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தாய். பிப்ரவரி 19-ஆம் தேதி மருந்துக்கடை வரியில் மட்டும், ‘ஒய்’ போட்டிருந்த பழைய பதிவு போய்விட்டது, புதிதாக வந்த ‘என்’ பதிவு தங்கிவிட்டது. தொகை 680. சரிபார்த்த பதிவை அழிக்கப் போனால் குனுகேஷ் எச்சரிக்கும். ‘இனிமேல் கேட்காதே’ என்ற கட்டத்தில் எப்போதோ டிக் அடித்து அதன் வாயை அடைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். செயல்கள் பட்டியில் எச்சரிக்கைகளை மீட்டமைக்கும் வசதி இருக்கிறது. இன்றைக்கே மீட்டமைத்துவிடு.

இதற்கு வைத்தியம் எளிது. அந்த 680 பதிவு புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது, குறி மட்டும்தான் மாறியிருக்கிறது. மார்ச் சரிபார்ப்பில் பட்டியலின் மேலேயே பிப்ரவரி தேதியோடு நிற்கும். ‘இது போன மாதத்தது’ என்று நீ விட்டுவிட்டாய். டிக் அடி, தொடக்கத்தில் விழுந்த 680 சரியாகிவிடும். இரண்டு பிரதியுமே அழிந்திருந்தால் வேறு வழி: ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் குனுகேஷ் தேதி நேரம் போட்டு ஒரு பழைய பிரதியை உன் கோப்பின் பக்கத்திலேயே எழுதி வைக்கிறது, நீ மாற்றாதவரை 30 நாள் வைத்திருக்கும். அந்தப் பழைய பிரதியைத் திறந்து, காணாமல் போன வரியைப் பார்த்து இங்கே பதியலாம்.

680-க்கு டிக் அடித்ததும் வித்தியாசம் மைனஸ் 465.70-லிருந்து பிளஸ் 214.30-க்குத் தாவும். பிழை ஒன்று போயும் எண் சைபரை நெருங்கவில்லையே என்று பதறாதே. இதுவரை உன் புத்தகம் வங்கியைவிட அதிகம் காட்டியது. இப்போது குறைவாகக் காட்டுகிறது. எஞ்சியவை இரண்டு பக்கமும் இருக்கின்றன என்று அர்த்தம். அதனால் இனி மொத்த வித்தியாசத்தைப் பார்க்காதே. உள்ளே வந்ததைத் தனியாகவும் வெளியே போனதைத் தனியாகவும் ஒப்பிடு. ஜன்னலில் இரண்டுக்கும் தனித்தனிக் கூட்டல் இருக்கிறது. உன் ஸ்டேட்மென்டின் கடைசிப் பக்கத்திலும் மொத்த வரவு, மொத்தப் பற்று என்று அச்சாகியிருக்கிறது. செலவுப் பக்கம் ஒப்பிடும்போது பிப்ரவரியிலிருந்து வந்த 680-ஐ மட்டும் கழித்துக்கொள்.

வரவுப் பக்கம் வங்கி 412 ரூபாய் அதிகம் காட்டுகிறது. காலாண்டு முடிவு, சேமிப்புக் கணக்கு என்றால் உடனே வட்டியைத் தேட வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நம் வங்கிகள் சேமிப்பு வட்டியை அன்றாட இருப்பின் மேல் கணக்கிடுகின்றன. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு வைக்கின்றன. ஸ்டேட்மென்டில் மார்ச் கடைசியில் 412 இருக்கிறது, உன் புத்தகத்தில் இல்லை. அதை வட்டி வருமானம் என்று பதி. ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இந்த எண்ணைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

செலவுப் பக்கம் வங்கி 197.70 அதிகம் காட்டுகிறது. இங்கே பைசாவைக் கவனி. நீ கொடுப்பதெல்லாம் முழு ரூபாய். 70 பைசா என்று முடிந்தால் அது வங்கி தானே பிடித்துக்கொண்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 15 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2.70, ஆக 17.70. எஸ்எம்எஸ் கட்டணம் என்ற பெயரில் அதே ஸ்டேட்மென்டில் ஒரு வரி இருக்கிறது பார். 118, 236 என்றெல்லாம் வந்தாலும் இதே கதைதான்: 100-க்கும் 200-க்கும் மேலே வரி. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் தேடும் நேரம் மிச்சம்.

மீதி 180. அதை ஒன்பதால் வகுத்துப் பார். மீதமில்லாமல் வகுபடுகிறதா? பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். கால்குலேட்டர் வருவதற்கு முன்பிருந்தே கணக்குப்பிள்ளைகள் கையாண்ட சோதனை இது. வண்டி சர்வீஸுக்கு வங்கியில் போனது 5,640. நீ பதிந்தது 5,460. தேடியதும் கிடைத்துவிட்டது. தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் வரும்: 236-ஐ 23.60 என்று போட்டால் 212.40, அதாவது 23.60-இன் ஒன்பது மடங்கு. இன்னொரு சோதனை, வித்தியாசத்தைப் பாதியாக்குவது. 1,250 வரவை செலவு என்று பதிந்திருந்தால் வித்தியாசம் 2,500 வரும். பாதித் தொகையில் ஒரு பதிவு இருக்கிறதா என்று பார், இருந்தால் அதன் திசை மாறியிருக்கும். இந்தச் சோதனைகள் எங்கே தேடுவது என்று சொல்லும், அவ்வளவுதான். தீர்ப்பு ஸ்டேட்மென்டில்தான் இருக்கிறது.

நான்கையும் சரிசெய்தால் சைபர் வரும். ஆனால் அதன் பிறகும் உன் புத்தக இருப்பு வங்கி இருப்போடு ஒத்துப்போகாது. குடியிருப்புச் சங்கத்துக்கு மார்ச் 29-ஆம் தேதி கொடுத்த 6,000 ரூபாய் செக் இன்னும் வங்கிக்கு வரவில்லை. அதனால் வங்கி 62,418.30 என்கிறது, உன் புத்தகம் 56,418.30 என்கிறது. இரண்டும் சரி. அந்த செக்குக்கு டிக் அடிக்காமல் ‘என்’ என்றே விட்டுவிடு. அவர்கள் போடும் மாதம் தானாகக் கழியும். 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம். ஜூன் கடைசிக்குள் வராவிட்டால் செயலாளரைக் கேட்டுவிட்டுப் பதிவை ரத்து செய். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடமே இதற்கு இருக்கிறது. நீ கணினி அறிவியல் பக்கம் போய்விட்டதால் அதைப் படிக்கவில்லை. அந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவுதான்: வித்தியாசம் இருப்பது தப்பில்லை, காரணம் சொல்ல முடியாத வித்தியாசம்தான் தப்பு.

உனக்கு இன்னும் வராத, ஆனால் கட்டாயம் வரப்போகிற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

இறக்குமதியின்போது தேதி. நம் வங்கிகள் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகின்றன. இறக்கும்போது மாதம் முதலில் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். 12-ஆம் தேதிக்கு மேற்பட்ட வரிகள் இருந்தால் பிழை என்று காட்டிக்கொடுக்கும். மாதத்தின் முதல் சில நாளை மட்டும் இறக்கினால் சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும்.

இரட்டிப்பு. ஓஎஃப்எக்ஸ் வடிவக் கோப்பில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி கொடுத்த தனி அடையாள எண் இருக்கும். அதை வைத்து இது முன்பே வந்ததுதான் என்று மென்பொருள் கண்டுகொள்ளும். நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது பிடிஎஃப், எக்செல், சிஎஸ்வி. சிஎஸ்வியில் அந்த எண் கிடையாது. தேதி, தொகை, விவரம் மூன்றையும் பார்த்து ஊகிப்பதுதான் வழி. ஒரே நாளில் இரண்டு முறை 150 ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஊகம் தடுமாறும். கிரெடிட் கார்டு பில் கட்டும்போது இன்னும் மோசம். வங்கிக் கோப்பிலும் அந்தப் பணம் வரும், கார்டு கோப்பிலும் வரும். இரண்டையும் இறக்கினால் ஒரே கட்டணம் இரண்டு முறை பதிவாகும். ஒன்றை வைத்துக்கொண்டு அதன் எதிர்க்கணக்காகக் கார்டைக் காட்டு. பில் கட்டுவதைச் செலவு என்றும் பதியாதே. கார்டைத் தேய்த்த அன்றே செலவு பதிவாகிவிட்டது, இப்போது நீ அடைப்பது கடன்.

எதிர்க்கணக்கு தெரியாமல் இறக்கியவை எல்லாம் ‘இம்பேலன்ஸ்’ என்ற கணக்கில் போய் விழும். பழைய கணக்குகளில் அனாமத்து என்று ஒரு தலைப்பு இருந்தது, அதே வேலைதான். அங்கே தற்காலிகமாக ஏதாவது இருக்கலாம். மாதம் முடியும்போது இருப்பு சைபராக இருக்க வேண்டும்.

யூபிஐ. 31-ஆம் தேதி இரவு பணம் அனுப்புகிறாய். உன் கணக்கில் கழிந்துவிட்டது, அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. 2019-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பும் பணமானால் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியதானால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. திரும்பி வரும் தேதி அடுத்த மாதத்தில் விழும். ‘ஃபெயில் ஆயிடுச்சே’ என்று நீ எதையும் பதியாமல் விட்டால் இந்த மாதமும் உதைக்கும், அடுத்த மாதமும் உதைக்கும். போனதையும் வந்ததையும் இரண்டு பதிவாகப் போடு.

கடைசி இருப்பைச் செயலியைப் பார்த்து எழுதாதே. அது இந்த நிமிடத்து இருப்பு. ஸ்டேட்மென்டின் கடைசித் தேதியையும் அதே வரியில் உள்ள இருப்பையும் மட்டும் எழுது. கார்டுக்கு அதன் பில் தேதி. மாதக் கடைசி அல்ல.

ஈடுகட்டும் பதிவே கூடாதா என்றால், கையிருப்புப் பணத்துக்குக் கூடும். பர்ஸில் இருப்பதற்கு யாரும் ஸ்டேட்மென்ட் அனுப்புவதில்லை. எண்ணிப் பார்த்து, குறைவதைச் சில்லறைச் செலவு என்று வெளிப்படையாக எழுதிவிடு. அதேபோல், பத்து வருடத்துப் பழைய பாஸ்புக்கை எல்லாம் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்று கிளம்பாதே. ஒரு ஏப்ரல் 1-ஐத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அன்றைய வங்கி இருப்பைத் தொடக்க இருப்பாகப் போடு. வங்கிக் கணக்குக்கும் கார்டுக்கும் அதற்கு மேல் சலுகை கிடையாது. அங்கே எதிர்த்தரப்பின் ஏடு உன் கையில் இருக்கிறது, ஒவ்வொரு ரூபாய்க்கும் விடை இருக்கிறது.

சரிபார்த்த மாதத்தைப் பூட்டிவிடு. கோப்பின் பண்புகளில், இத்தனை நாளுக்கு முந்தைய பதிவுகளைத் தொடக்கூடாது என்று ஒரு எல்லை வைக்கலாம். பதிவேட்டில் சிவப்புக் கோடாகத் தெரியும். 90 நாள் என்று வை. கணக்கு ஒத்துப்போனதும் ஸ்டேட்மென்டைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, அதே மாதப் பெயரில் உன் கோப்பின் ஒரு நகலையும் பக்கத்தில் வை. பின்னால் எப்போதாவது இடித்தால், கடைசியாக ஒத்துப்போன மாதத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.

இவ்வளவும் 17 ரூபாய் 70 பைசாவுக்காகவா என்று நீ கேட்பாய். இல்லை. உன் கணக்கிலிருந்து உனக்குத் தெரியாமல் யாராவது பணம் எடுத்தால், அதுவும் இதே பட்டியலில்தான் ஒரு வரியாக வந்து நிற்கும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, உன் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் செய்த மோசடியில், வங்கித் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் நீ புகார் செய்தால் நஷ்டம் உன்னுடையது அல்ல என்றது. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை உன் தலையில். அதற்கும் மேலே போனால் அந்தந்த வங்கியின் கொள்கை. அதனால் முழுச் சரிபார்ப்பு மாதம் ஒருமுறை போதும் என்றாலும், எஸ்எம்எஸ்களை வந்த அன்றே படி. வாரம் ஒருமுறை பதிவுகளை ‘சி’ வரைக்குமாவது கொண்டுவா. வித்தியாசம் வந்தால் ஈடுகட்டி மூடும் பழக்கம் உள்ளவர்கள், களவு போன வரியையும் அதே கையால் மூடிவிடுவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார். 680-க்கு டிக் அடி. வட்டி 412, கட்டணம் 17.70 இரண்டையும் பதி. 5,460-ஐ 5,640 ஆக்கு. 6,000 செக்கைத் தொடாதே. வித்தியாசம் சைபர் ஆனதும் முடிக்கும் பொத்தானை அழுத்து. ஏப்ரல் ஸ்டேட்மென்ட் வந்ததும் தொடக்க இருப்பு 62,418.30 என்று காட்டுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காட்டினால் எனக்கு எழுத வேண்டியதில்லை. காட்டாவிட்டால் மார்ச் வரையிலான பதிவு எதையோ தொட்டிருக்கிறாய். அதை நீயே கண்டுபிடித்துவிட்டு எழுது.

அன்புடன்,
மாமா